ஐந்தாம் நம்பர் மலைக்கு எழுதிய சொல்

போன வாரம் ஒன்பதாம் நம்பர் தேயிலை மலையில் மரங்களைக் கவ்வாத்து வெட்டி முடித்தார்கள். மறுநாள் காலையில் மலை முகப்பில் ஒரு பலகை நின்றது. வெள்ளைப் பூச்சில் கறுப்பு எழுத்து. ஒரே ஒரு இங்கிலீஷ் சொல். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த ஒரு சொல் மட்டும் தெரியும். எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லுவேன். ரினியூட்.

புதுக் கணக்கப்பிள்ளையிடம் போனேன். அதைக் கழற்றி வையுங்கள் தம்பி என்றேன். நல்ல பிள்ளை. பண்டாரவளையில் படித்தவர். ஏன் என்று கேட்டார். இன்னும் ஆகவில்லை என்றேன். கவ்வாத்து முடிந்துவிட்டதே, இனி என்ன ஆக வேண்டும் என்றார். எனக்கு நின்று பேசி வழக்கமில்லை. எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன். சாயங்காலம் தாளும் பென்சிலும் அனுப்பினார். பள்ளிக்கூட வாத்தியார் நடத்துகிற கையெழுத்துப் பத்திரிகையிலும் போடுவார்களாம். போடட்டும்.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. பதுளைக் கடைவீதியில் பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினவன். தெரியாத எழுத்தைக் கடைக்கார நானாமாரிடம் கேட்பேன். ஆகையால் என் எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். தாள் போதாவிட்டால் மன்னிக்கவும்.

நான் இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது. இலைக்கு அடியில் மஞ்சள் பொடி. முதல் வேலை கோப்பித் தூர் பிடுங்கினது. இரண்டாவது வேலை அதே மண்ணில் தேயிலைக் கன்று வைத்தது. மூன்றாவதாகக் கையில் கவ்வாத்துக் கத்தி கொடுத்தார்கள். அது முப்பது வருஷத்துக்கு மேல் கையிலேயே இருந்தது. பழகின கதை சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருஷம் இரண்டு தடவை என் காலையே வெட்டிக்கொண்டேன். மூன்றாம் வருஷம் யாரையும் கேட்காமல் வெட்டினேன். பிறகு கவ்வாத்துக் கங்காணி ஆக்கினார்கள்.

சொல்ல வேண்டியது ஐந்தாம் நம்பர் மலையைப் பற்றி.

அப்போது இருந்த பெரிய தொரைக்கு நாங்கள் வைத்த பெயர் புத்தகத் தொரை. உயரமான ஆள். குதிரை இருந்தும் மலைக்குள் நடந்துதான் வருவார். கையில் கறுப்பு அட்டைப் புத்தகம் இருக்கும். யாரையும் ஏசமாட்டார். கவ்வாத்து நடக்கிற இடத்துக்கு வந்தால் ஒரு ஆளின் கத்தியை வாங்குவார். ஒரு வாது, அதாவது ஒரு கிளை, வெட்டுவார். வெட்டின வாயில் பெருவிரலை வைத்து இழுப்பார். விரல் வழுக்கிக்கொண்டு போனால் கத்தியைக் கொடுத்துவிட்டு நடப்பார். விரல் தடுக்கினால் கத்தியைக் கொடுத்துவிட்டு நிற்பார். அந்த ஆள் தீட்டி முடிக்கும்வரை நிற்பார். ஒரு வார்த்தை வராது. இரண்டு திட்டுத் திட்டிவிட்டுப் போனால் தேவலை என்று இருக்கும். அவர் காலத்தில் இந்தத் தோட்டத்தில் மொட்டைக் கத்தி கிடையாது.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் ஒரு சொல் மையால் எழுதியிருக்கும். ஒரு மலைக்கு ஒரு சொல்தான். புதுக்கன்று வைத்த மலைக்கு ஒன்று. நன்றாகக் கொழுந்து தருகிற மலைக்கு ஒன்று. கிழடு தட்டின மலைக்கு ஒன்று. மலை மாறினால்தான் சொல் மாறும். மாற்றுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் மலைக்குள் நடப்பார்.

ஐந்தாம் நம்பர்தான் தோட்டத்திலேயே முதல் வைத்த தேயிலை. கோப்பி தின்றுவிட்டுப் போன மண். பதுளைப் பக்கம் பார்த்த சரிவு. ஆனி ஆடியில் அடிக்கிற காய்ந்த கச்சான் காற்று நேரே வந்து மோதும். மரமெல்லாம் பாசி பிடித்து முடிச்சு முடிச்சாகக் கிடந்தது. இரண்டு இலை விட்டதும் கொழுந்து நின்றுவிடும். காலையில் வேலைக்குப் பேர் சொல்லுகிற பெரட்டில் ஐந்தாம் நம்பருக்குப் போகச் சொன்னால் பெண்களுக்கு மூஞ்சி தொங்கிப்போகும். கூடை நிறையாது. நிறையாத கூடையோடு தொழிற்சாலைக்கு வருவதற்கு யாருக்குத்தான் பிடிக்கும்.

கொழும்பிலிருந்து வருஷம் ஒருமுறை கம்பெனிக்காக ஒரு தொரை வருவார். விசிட்டிங் தொரை என்போம். ஒரு தை மாதம் அவர் வந்தார். ஐந்தாம் நம்பரில் கால் மணி நேரம் நின்றார். புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சொல் எழுதிக் கொடுத்துவிட்டுக் குதிரை ஏறினார்.

என்ன எழுதினார் என்று சவரிமுத்துக் கணக்கப்பிள்ளையைக் கேட்டேன். அவர்தான் அப்போது ஆபீஸில் எல்லாம். கைவிடச் சொல்லி எழுதியிருக்கிறார் என்றார். இப்போது பென்சில். அடுத்த தையில் வந்து பார்த்து மையால் எழுதுவார். மை விழுந்தால் மலையைக் காடாக விட்டுவிடுவார்கள். மலைக்குக் கீழே ஆட்கள் குடியிருந்த பன்னிரண்டு காம்பரா லயத்தை, அந்த வரிசை வீட்டை, பிரித்துவிடுவார்கள். அங்கே இருக்கிறவர்களைக் கம்பெனியின் வேறு தோட்டங்களுக்குப் பங்கு போட்டு அனுப்புவார்கள். இங்கே இரண்டு குடும்பம், அங்கே மூன்று குடும்பம் என்று.

அந்தக் கீழ் லயத்தில் என் மதினி மாரியாயி இருந்தாள். என் அண்ணன் பெண்சாதி. அண்ணன் காய்ச்சலில் போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளை அங்கேயே வைத்து வளர்த்தாள். அண்ணனைப் புதைத்தது ஐந்தாம் நம்பர் ஓரத்தில். எனக்கு வேறு உறவு இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

ஒரு வாரம் கழித்துத் தொரை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். சவரிமுத்து பக்கத்தில் நின்றார். தொரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். முடியாத இடத்தில் சவரிமுத்து சொல்லுவார்.

"கங்காணி, அஞ்சாம் நம்பர் செத்துப் போச்சா?"

"சாகலீங்க தொரை. களைச்சுப் போச்சு."

"வெட்டினா வருமா?"

"அடியோட வெட்டினா வரும். வராமயும் போகும்."

இந்தப் பதில் அவருக்குப் பிடித்தது போலிருந்தது. ஒரு துண்டுத் தாளில் ஒரு சொல் எழுதி என் பக்கம் தள்ளினார். புதுப்பித்தது என்று அர்த்தம் என்றார் சவரிமுத்து. அப்படியென்றால் லயத்துக்கு வெள்ளை அடித்தாலும் இந்தச் சொல்தானா என்று கேட்டேன். தொரை இல்லையென்று தலையாட்டினார். ஜன்னல் வழியாகப் புதுக்கன்று மலையைக் காட்டினார்.

"அது புதுசு. முன்னால இல்ல. அஞ்சாம் நம்பர் பழசு. அந்தப் பழசே திரும்பப் புதுசா நின்னா, அதுக்குத்தான் இந்தச் சொல்."

எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டேன். விரலை மடக்கிக்கொண்டே சொன்னார்.

"வெட்டின அன்னைக்கு இல்ல. துளிர் விட்ட அன்னைக்கும் இல்ல. மட்டம் எடுத்து, மூணு தடவை கொழுந்து எடுத்து, மூணாந்தடவையும் குறையாம வந்தா எழுதுவேன்."

அவர் சொன்னதன் நியாயம் எனக்குத் தெரியும். சாகிற மரமும் ஒருமுறை துளிர்க்கும். வேரில் மிச்சம் இருக்கிறதை எடுத்துப் போட்டுவிடும். பார்க்கிறவன் வந்துவிட்டது என்பான். முதல் கொழுந்து அந்த மிச்சம். இரண்டாவதும் பாதி மிச்சம். மூன்றாவதுதான் மரம் தன் புது இலையால் சம்பாதித்தது. அது குறையாமல் வந்தால் மரம் பிழைத்தது.

துண்டுத் தாளை மடித்து வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இனி வேலை. சாதாரணக் கவ்வாத்து வேறு. சில வருஷத்துக்கு ஒருமுறை மேலே பின்னிக்கொண்டிருக்கிறதை இடுப்புக்குக் கீழே சீவி விடுவது. அடியோடு வெட்டுவது அப்படி இல்லை. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மரத்தையே எடுப்பது. கத்தி போகாத இடத்தில் வாள் போட வேண்டும். வெட்டுவாய் சரிவாக இருக்க வேண்டும், தண்ணீர் தங்கக்கூடாது. பட்டை கிழியக்கூடாது. கிழிந்தால் அங்கிருந்து அழுகும். பெரிய வாய்க்குக் களிமண்ணும் சாணியும் குழைத்து அப்ப வேண்டும். தூரில் இருக்கிற பாசியைத் தேங்காய்த் தும்பால் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு வாதை மட்டும் வெட்டாமல் இலையோடு விட வேண்டும். மற்றது துளிர்க்கும்வரை மரம் அதில்தான் மூச்சு விடும்.

அதற்கும் முன்னால் இரண்டு மாதம் கொழுந்து எடுக்காமல் போட வேண்டும். வேர் நிறையட்டும் என்று. சித்திரையும் வைகாசியும் போட்டோம். ஆனி வந்தது. கச்சான் காற்றுக்கு முன்னால் வெட்டுவது நல்லதில்லை. எல்லாருக்கும் தெரியும். மழைக்காலம் வரை பொறுத்தால் அடுத்த தைக்குள் மூன்று கொழுந்து வராது. அதுவும் எல்லாருக்கும் தெரியும். ஆகையால் வெட்டினோம்.

தொரை ஒரு காவல் சொன்னார். வெட்டின மிலாறை, இலையும் குச்சியுமாக, அந்தந்த மரத்தின் மேலேயே பரப்பி வைக்க வேண்டும். வெயிலும் காற்றும் வெட்டுவாயில் படக்கூடாது. பட்டால் பட்டை வெடிக்கும். இரண்டு வெயில் தாங்கும். மூன்றாவது வெயில் தாங்காது. வெட்டுகிற ஆட்களிடம் சொன்னேன். அப்படியே வைத்தார்கள். முதல் நாள் கால்வாசி மலை முடிந்தது. எல்லா மரமும் தொப்பி போட்டதுபோல் இருந்தது.

மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தேன். ஒரு தொப்பி கூட இல்லை.

கால்வாசி மலையும் மொட்டை. வெட்டுவாயெல்லாம் வெள்ளை வெளேரென்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று அடித்துக்கொண்டிருந்தது. 

யாரும் திருடவில்லை. கவ்வாத்து மிலாறு லயத்துப் பெண்களுக்கு விறகு. தேயிலை வந்த நாளிலிருந்து அப்படி. கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது ஆளுக்கு ஒரு கட்டுக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள். கேட்க வேண்டியதில்லை. சாதாரணக் கவ்வாத்தில் மிலாறு போனால் ஒன்றும் ஆகாது. வெட்டுகிற ஆம்பளைகளிடம் சொன்ன நான், எடுக்கிற பொம்பளைகளிடம் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் கங்காணியாக இருந்தவன் செய்த வேலை அது.

பெரட்டுக்குப் போனேன். பெண்கள் கூடையோடு நின்றார்கள். நடந்ததைச் சொன்னேன். எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்றேன்.

 மதினிதான் வாயைத் திறந்தாள்.

"கொழுந்தனாரே, அடுப்புல வச்சதையும் கொண்டாரணுமா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வைக்காதத மட்டும் கொண்டாங்க மதினி. அந்த மலை போனா உங்க அடுப்பும் இங்க இருக்காது."

சிரிப்பு நின்றது. மை விழுந்தால் லயம் போகும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் மிலாறுக்கும் லயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. அதாவது நான் சொல்லவில்லை. மதினி கூடையை இறக்கி வைத்தாள். வாங்கடி என்று ஒரே சொல். போய்விட்டார்கள்.

மலைநாட்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். விறகு மலையிலிருந்து லயத்துக்குத்தான் இறங்கும். அன்றைக்கு லயத்திலிருந்து மலைக்கு ஏறினது. கீழ் லயம், மேல் லயம், எல்லாப் பெண்களும் தலையில் கட்டோடு வரிசையாக ஏறினார்கள். பேறுகாலம் நெருங்கின ஒருத்தியும் ஒரு சின்னக் கட்டோடு வந்தாள். போகச் சொன்னால் போகவில்லை. ஒருத்தி அடுப்பிலிருந்து பாதியில் இழுத்த குச்சியைக் கொண்டுவந்தாள். நுனி கரிந்து புகை வந்துகொண்டிருந்தது. இதை எந்த மரத்துக்கு வைக்கிறது கங்காணியாரே என்று கேட்டாள். அதைத் தண்ணீரில் போடச் சொன்னேன்.

அந்த நேரம் தொரை வந்துவிட்டார்.

பாதையில் நின்று பார்த்தார். வரிசை அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிக் கட்டும் போன பிறகு என்னைப் பார்த்தார். என் பிசகுங்க தொரை, சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றேன். அவர் அங்கேயே நின்றார். கத்திக்கு நிற்பதுபோல் எனக்காக நின்றார். 

பிறகு ஒரு மரத்தருகே குனிந்து வெட்டுவாயில் விரலை வைத்தார். காயவில்லை. போதாத மரங்களுக்குப் பத்தனைப் புல்வெளியில் மானாப்புல் அறுத்துப் போடு என்றார். சவரிமுத்துவிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். மத்தியானம் பார்த்தால், பங்களா விறகுக் கொட்டகையிலிருந்து மாட்டுவண்டியில் பிளந்த விறகு லயத்துக்கு வந்து இறங்குகிறது. காம்பராவுக்கு ஒரு சுமை. தொரை வீட்டு விறகில் கஞ்சி கொதித்தால் ருசியே தனி என்று மதினி ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மீதி மலையும் வெட்டினோம். ஒரு குச்சி நகரவில்லை. பெண்களே காவல் இருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் அந்தப் பாதையில் வந்தால் தலையைப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

ஆடிக்காற்று ஓய்ந்தது. ஆவணியில் ஒருநாள் மானாப்புல்லை விலக்கிப் பார்த்தேன். வெட்டுவாய்க்குக் கீழே பட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு. பக்கத்து மரத்திலும் ஒன்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படியோ அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டதாக மதினி சொன்னாள். என் முகத்தில் ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சொல் லயத்துக்குள் வந்தது. சவரிமுத்து சொல்லியிருக்க வேண்டும். எல்லாருக்கும் வாயில் அதுதான். ஒருத்தி பழைய சேலைக்குச் சாயம் போட்டுக் கட்டிக்கொண்டு ரினியூட் என்றாள். மூணு தடவை துவைச்சுட்டுச் சொல்லு என்றாள் மதினி. வீட்டை விட்டுப் போன ஒருத்தன் பசறையிலிருந்து திரும்பி வந்து, இனிமேல் குடிக்க மாட்டேன், நான் ரினியூட் என்றான். மூணு சம்பளம் போகட்டும் அண்ணே என்று அவன் மச்சான் பெண்சாதி சொன்னாள். எல்லாவற்றுக்கும் மூன்று. தொரையின் சட்டம் எங்கள் லயத்தில்தான் சரியாக நடந்தது. சாயம் இரண்டாவது துவைப்பில் போனது. அந்த ஆள் மட்டும் நாலாவது சம்பளமும் தாண்டினான்.

ஐப்பசி மழையில் துளிர் வாதாகி முழங்கால் தாண்டினது. மார்கழிப் பிறப்பில் மட்டக்கம்பு வைத்து, அதற்கு மேல் நீண்டதைக் கிள்ளி, மட்டம் எடுத்தோம். மேலிருந்து பார்த்தால் பாய் விரித்ததுபோல் இருந்தது. மொத்தத்தில் இருபத்து மூன்று மரம் வரவில்லை. முதல் நாள் வெட்டின இடத்தில்தான் அத்தனையும். என் கணக்கு அது. மதினி அதைத் தன் கணக்கு என்றாள். என் கஞ்சிக்குச் செத்த மரம் என்று சொல்லி, தானே குழி வெட்டி இருபத்து மூன்று கன்று வைத்தாள்.

மார்கழியில் முதல் கொழுந்து எடுத்தோம். நன்றாக வந்தது. தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது இரண்டாவது. அதுவும் வந்தது. மூன்றாவதற்கு, கொழுந்து சரியாக ஏறுவதற்கு, இன்னும் பதினாலு நாள் வேண்டும். பொங்கலுக்கு மறுநாள் விசிட்டிங் தொரை வருவதாகத் தந்தி வந்தது.

சவரிமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு தொரையிடம் போனார். பென்சிலை அழித்துவிட்டு அந்தச் சொல்லை இப்போதே எழுதிவிடலாம், இரண்டு கொழுந்து வந்ததும் மூன்று வந்ததும் கொழும்புத் தொரைக்கு எப்படித் தெரியும் என்றார். இல்லாவிட்டால் பெண்களை விட்டு நாளைக்கே மூன்றாவதையும் எடுத்துவிடலாம் என்றார். தொரை என்னைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்ற?"

எனக்கு மதினியின் காம்பரா கண்ணுக்குள் வந்தது. ஆமென்று சொல்ல வாய் வந்தது. ஆனால் வளராத கொழுந்தைக் கிள்ளினால் மரத்துக்கு ஆகாது. கிள்ளாமல் எழுதினால் அந்தச் சொல் பொய். பொய்யை வைத்துக் காப்பாற்றின மலையில் நான் எப்படிக் கத்தி பிடிப்பது.

"இன்னும் ஆகலீங்க தொரை."

தொரை புத்தகத்தை மூடினார். சவரிமுத்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கீழ் லயத்தில் அந்த வருஷம் பொங்கல் பொங்கினது. சத்தம் மட்டும் குறைவு.

விசிட்டிங் தொரை வந்தார். ஐந்தாம் நம்பர் முகப்பில் குதிரையை விட்டு இறங்கினார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தன் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. மலையைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். இவ்வளவு பச்சையாக நிற்கிறது, நீ ஏன் இன்னும் எழுதவில்லை என்று எங்கள் தொரையைக் கேட்டாராம். சவரிமுத்து பிறகு சொன்னது. எங்கள் தொரை என்னைக் காட்டினார். என் கங்காணி இன்னும் ஆகவில்லை என்கிறான் என்றார். விசிட்டிங் தொரை என்னைத் தமிழில் கேட்டார். அவருக்கும் தமிழ் வந்தது.

"எப்ப ஆகும்?"

"எட்டு நாள் போகணுங்க தொரை."

அவர் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு அது. லுணுகலைப் பக்கத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்புகிறேன், எட்டு நாள் கழித்து இந்த வழியாகவே வருகிறேன் என்று குதிரை ஏறினார்.

அந்த எட்டு நாளும் நான் மலையிலேயே கிடந்தேன் என்று சொல்லலாம். மழை தூறினால் சந்தோஷம். நின்றால் கவலை. ஒருநாள் பனி விழுந்தது, கொழுந்து கருகுமோ என்று பயம். கருகவில்லை.

ஒன்பதாம் நாள் காலைப் பெரட்டில் தொரை ஐந்தாம் நம்பருக்குப் பேர் சொன்னார். மூஞ்சி தொங்கவில்லை. எனக்கு எனக்கு என்று வந்தார்கள். மேல் லயத்துப் பெண்களை மதினி விடவில்லை. எங்க மலை நாங்க எடுக்குறோம் என்றாள். விறகு மட்டும் நாங்களும்தானே சுமந்தோம் என்று அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் எல்லாரையும் இறக்கினேன். மலை தாங்கும் என்று தெரிந்தது.

இரண்டு தொரைமாரும் முகப்பில் நின்றார்கள். பெண்கள் வரிசை பிடித்து ஏறினார்கள். இரண்டு இலை, ஒரு அரும்பு. கொழுந்து ஒடிக்கிற சத்தம் பட் பட்டென்று கேட்டது. பழைய நாளில் அந்த மலையில் அந்தச் சத்தம் கேட்காது. முற்றின கொழுந்தை இழுத்துப் பிய்க்க வேண்டும். பாதி மலை ஏறுவதற்குள் முதல் கூடை நிறைந்துவிட்டது. மதினியுடையது. அவள் நேரே கீழே இறங்கி வந்தாள். தராசுக்குப் போக வேண்டியவள், இரண்டு தொரைமாரின் காலடியில் கூடையை வைத்தாள். விசிட்டிங் தொரை கையைக் கூடைக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தார். கீழே பழைய இலை போட்டு நிரப்பியிருக்கிறாளோ என்று சந்தேகம்.

"அடி வரைக்கும் பாருங்க தொரை. மிலாறு ஒண்ணும் இல்ல" என்றாள் மதினி.

அவருக்குப் புரியவில்லை. எங்கள் தொரைக்குப் புரிந்தது. அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

விசிட்டிங் தொரை கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைக் கேட்டார். பென்சில் சொல்லைக் காட்டி, அழித்துவிடு என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்துக் கொடுத்தார். எங்கள் தொரை வாங்கினார். வாங்கி என் பக்கம் நீட்டினார்.

எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. அழிக்க வந்தது. புத்தகத்தை முட்டியில் வைத்து அழித்தேன். எழுத்துப் போன பிறகும் அழித்தேன். போதும் கங்காணி, தாள் கிழிந்துவிடும் என்றார் தொரை. அந்த இடம் மெலிந்து போய்விட்டது. மை ஊறும் என்று அதன் மேல் எழுதாமல் பக்கத்தில் தள்ளி எழுதினார். நான் வெற்றிலைப் பையிலிருந்து துண்டுத் தாளை எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

கீழ் லயம் இன்றைக்கும் இருக்கிறது. மதினியின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பதுளைக்கு ரயில் வந்துவிட்டது. தொரைமார் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். ஐந்தாம் நம்பரை அதற்குப் பிறகு யாரும் கைவிடச் சொல்லவில்லை.

கணக்கப்பிள்ளை தம்பி, அந்தக் கறுப்புப் புத்தகம் ஆபீஸ் அலமாரியில் இருக்கும். ஐந்தாம் நம்பர் பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு இடம் மெலிந்து வெளிச்சம் தெரியும். அது என் கை.

ஒன்பதாம் நம்பர் நல்ல மலை. வெட்டும் நன்றாக இருக்கிறது, நான் விரல் வைத்துப் பார்த்தேன். கட்டாயம் வரும். அதுவரை பலகையைக் கழற்றி நனையாத இடத்தில் வையுங்கள். மூன்றாவது கொழுந்து அன்றைக்கு ஆள் அனுப்புங்கள். ஆணியும் சுத்தியலும் நானே கொண்டுவந்து அடித்துத் தருகிறேன்.